எஸ்பிஎஃப் போட்டும் ஸ்பாம் நிற்கவில்லையே, ஏன்?

கேள்வி: பத்துப் பேர் கொண்ட சிறு அமைப்புக்காகச் சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்துகிறேன். அஞ்சலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளைத் திறந்து காட்டும் டவ்காட் இரண்டும் ஓடுகின்றன. ஓர் ஆலோசகர் சொன்னபடி எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் போட்டேன். ஸ்பாம் துளியும் குறையவில்லை. ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு வருகிறது. இப்போது அவர், ஸ்பாம் அனுப்பும் ஐபி முகவரிகளைத் தொகுத்து வைத்திருக்கும் தடுப்புப் பட்டியல்கள் இருபத்தைந்தைச் சேர்க்கச் சொல்கிறார். எங்கள் சர்வர் நின்றுபோனால் அஞ்சலை வாங்கிவைக்க மாற்று சர்வர் ஒன்று வைக்க வேண்டும், எங்கள் ஐபி முகவரியை ஏதோ ஒரு பட்டியலிலிருந்து நீக்க ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும் என்கிறார். செய்யலாமா? நல்ல அஞ்சல் தொலைந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. எங்கள் டொமைனில் எந்தப் பெயருக்கு எழுதினாலும் வந்து சேரும்படி 'கேட்ச்-ஆல்' வைத்திருக்கிறோம். ஓர் உறுப்பினரின் பழைய முகவரிக்கு வரும் அஞ்சலும் இங்கே திருப்பிவிடப்படுகிறது.

பதில்: முதலில் அந்த மூன்று மந்திரங்களை முடித்துவிடலாம். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் உங்கள் டொமைனின் பெயரில் வெளியே போகும் அஞ்சலுக்கான அடையாள அட்டைகள். எந்தெந்த சர்வர் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்பிஎஃப், கடிதத்தில் சர்வர் இடும் கையொப்பம் டிகிம், இவை பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்ற அறிவிப்பு டிமார்க். உங்கள் வாசலுக்கு வருகிறவனை அவை ஒன்றும் செய்யாது. வீட்டுக்காரர் தன் சட்டையில் பெயர் அட்டை குத்திக்கொண்டால் திருடன் திரும்பிப் போய்விடுவானா? வருகிற அஞ்சலிலும் இவற்றைச் சரிபார்க்கலாம், சரிபார்க்கவும் வேண்டும். ஆனால் அதில் தெரிவது அனுப்பியவர் இன்னார் என்பது மட்டுமே. நல்லவரா என்பது தெரியாது. ஸ்பாம் அனுப்புகிறவன் காலையில் ஒரு டொமைன் வாங்குவான், பத்து நிமிடத்தில் மூன்று பதிவுகளையும் பிழையில்லாமல் எழுதுவான், காரியம் முடிந்ததும் அந்த டொமைனைத் தூக்கி எறிவான். அவனுடைய எஸ்பிஎஃப் பதிவு உங்களுடையதைவிடச் சுத்தமாக இருக்கும்.

அதற்காக அவற்றை எடுத்துவிடாதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இல்லாத அஞ்சலை மதிப்பதில்லை. மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். உங்கள் அஞ்சல் வெளியே போய்ச் சேர அவை தேவை. உங்கள் தலைவரின் பெயரிலேயே உங்கள் உறுப்பினர்களுக்கு எவனாவது போலிக் கடிதம் எழுதினால் பிடிக்கவும் உதவும். ஆகவே பொருள் நல்ல பொருள்தான். ஸ்பாமை நிறுத்தும் என்று சொல்லி விற்றதுதான் பொய்.

ஆலோசகரின் கண்ணில் படாமல் போன ஒரு சொல் உங்கள் கடிதத்தில் இருக்கிறது: கேட்ச்-ஆல். நீங்கள் சொல்லும் முந்நூறில் பெரும்பங்கு அதன் வழியாகத்தான் வருகிறது என்று பந்தயமே கட்டுவேன். சந்தேகமானால் அஞ்சல் பதிவேட்டைத் திறந்து, கடந்த ஒரு வாரத்தில் எந்தெந்தப் பெறுநர் பெயருக்கு அஞ்சல் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். சேல்ஸ், அட்மின், அக்கவுன்ட்ஸ், என்றைக்குமே உங்களிடம் இல்லாத ஏதேதோ மனிதப் பெயர்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். அகராதியைப் புரட்டுவதுபோல் பெயர்களை ஊகித்து அனுப்புவது அவர்களுடைய மிகப் பழைய வித்தை. எல்லாப் பெயருக்கும் 'ஆம், இங்கே இருக்கிறார்' என்று பதில் சொல்லும் சர்வர் கிடைத்தால் விடுவார்களா? இன்றைக்கே மூடுங்கள். உண்மையான பத்துப் பெயர்கள், சர்வரைப் பற்றிய புகார்கள் வரும் போஸ்ட்மாஸ்டர், அப்யூஸ், இவ்வளவு போதும். ஒவ்வொரு இணையதளத்துக்கும் தனி முகவரி கொடுக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு ஒட்டுச்சொல் சேர்க்கும் வசதி போஸ்ட்ஃபிக்ஸில் இருக்கிறது. அதற்காகக் கேட்ச்-ஆல் வைத்துக்கொள்வது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

மூடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இல்லாத பெயருக்கு வரும் அஞ்சலை, எதிர்த் தரப்பு இணைப்பில் இருக்கும்போதே 550 என்ற மறுப்பு எண்ணைச் சொல்லி மறுக்க வேண்டும். முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு 'இப்படி ஒருவர் இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஸ்பாமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் திருடியது. நீங்கள் திருப்பி அனுப்பும் கடிதம் ஒன்றும் அறியாத யாரோ ஒருவரின் தலையில் போய் விழும். அப்படி நூறு பேர் தலையில் விழுந்தால் தடுப்புப் பட்டியலில் ஏறப்போவது உங்கள் சர்வர்.

நல்ல அஞ்சல் தொலையும் என்ற பயத்துக்கும் இதிலேயே மருந்து இருக்கிறது. வாசலிலேயே மறுக்கப்பட்ட அஞ்சல் தொலைவதில்லை. அனுப்பிய நல்ல மனிதருக்கு அவருடைய சர்வரே 'போய்ச் சேரவில்லை, காரணம் இது' என்று சொல்லிவிடும். அவர் தொலைபேசியில் கூப்பிடுவார். அஞ்சல் உண்மையில் தொலையும் இடம் ஸ்பாம் கோப்புறை. அனுப்பியவர் சேர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார், நீங்கள் அந்தப் பக்கம் எட்டியும் பார்த்திருக்க மாட்டீர்கள். சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றை வாசலில் மறுங்கள். சந்தேகமானவை மட்டும் கோப்புறைக்குப் போகட்டும்.

இனி அந்த இருபத்தைந்து பட்டியல்கள். எங்கோ கிடைத்த பழைய வழிகாட்டியிலிருந்து அப்படியே நகலெடுத்தது என்பது எண்ணிக்கையிலேயே தெரிகிறது. தடுப்புப் பட்டியல் என்பது யாரோ ஒருவர் பராமரிக்கும் சேவை. பராமரிக்கிறவர் கடையை மூடிவிட்டால் என்ன ஆகும்? ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு மேலாக ஆயிரக்கணக்கான சர்வர்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தன. தொல்லை தாங்காமல் 2008 மார்ச்சில் அது, கேட்ட ஒவ்வொரு முகவரிக்கும் 'ஸ்பாம்தான்' என்று பதில் சொல்லத் தொடங்கியது. அன்றைக்கு உலகத்து அஞ்சலையெல்லாம் மறுத்த சர்வர்களை நடத்தியவர்களும் உங்கள் ஆலோசகரைப் போன்றவர்களின் பேச்சைக் கேட்டவர்கள்தாம். சோர்ப்ஸ் என்ற இன்னொரு பழம்பெரும் பட்டியல் 2024-இல் மூடப்பட்டது. இன்றும் பல வழிகாட்டிகளில் அதன் பெயர் கம்பீரமாக நிற்கிறது.

ஒரே ஒரு நல்ல பட்டியல் போதும். ஸ்பாம்ஹவுஸின் 'ஜென்' பட்டியலைச் சொல்வேன். தெரிந்த ஸ்பாம் கும்பல்கள், வைரஸ் புகுந்த கணினிகள், நேரடியாக அஞ்சல் அனுப்பவே கூடாத வீட்டு இணைப்புகள் என்று பல பட்டியல்கள் அதில் ஒன்றாக இருக்கின்றன. வணிக நோக்கமில்லாத, குறைந்த பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வாரத்துக்கு ஒருவராவது இதில் விழுந்து எனக்கு எழுதுகிறார்கள். பட்டியலைக் கேட்பது டிஎன்எஸ் வழியாக, அதாவது இணையத்தில் பெயர்களுக்கு உரிய எண்களைச் சொல்லும் பதிவேட்டின் வழியாக. உங்கள் சர்வர் கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால், ஸ்பாம்ஹவுஸ் பதில் தராது, 127.255.255.254 என்ற பிழை எண்ணைத் தரும். 'நீ கேட்ட வழி சரியில்லை' என்று அதற்குப் பொருள். ஆனால் 'எந்தப் பதில் வந்தாலும் தடு' என்று எழுதிவைத்த சர்வர், அந்தப் பிழையையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, வருகிற அத்தனை அஞ்சலையும் துரத்திவிடும். ஆகவே இரண்டு வேலை செய்யுங்கள். டிஎன்எஸ் கேள்விகளுக்கு நேரடியாக விடை தேடித்தரும் நிரலான ரிசால்வர் ஒன்றை, அன்பவுண்ட் போன்றதை, அதே சர்வரில் சொந்தமாக ஓடவிடுங்கள். பிறகு, பதில் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரை, அதாவது 'பட்டியலில் இருக்கிறார்' என்று இருந்தால் மட்டுமே தடுக்க வேண்டும் என்று போஸ்ட்ஃபிக்ஸில் தெளிவாக எழுதுங்கள். வாடகை சர்வராக இருந்தால் சொந்த ரிசால்வர் இருந்தும் பிழை எண் வரக்கூடும். அப்போது ஸ்பாம்ஹவுஸில் பதிவுசெய்து, இலவசத் திறவுகோல் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வாரம் 'வார்ன் இஃப் ரிஜெக்ட்' என்ற சொல்லை விதிக்கு முன்னால் சேர்த்துவிட்டால், எதையும் மறுக்காமல், எதை மறுத்திருப்பேன் என்று பதிவேட்டில் மட்டும் எழுதும். படித்துப் பார்த்து, திருப்தியானால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

ஆண்டுக் கட்டண விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பைசா கொடுக்காதீர்கள். மதிப்புள்ள எந்தத் தடுப்புப் பட்டியலும் பெயரை நீக்கப் பணம் வாங்காது, ஸ்பாம்ஹவுஸ் வாங்குவதில்லை. காரணத்தைச் சரிசெய்தால் நீக்கம் இலவசம். பணம் கேட்கும் பட்டியல்களும் உண்டு. அவை தனி முகவரியை விட்டுவிட்டு, உங்கள் சர்வர் இருக்கும் தெரு முழுவதையும், சில சமயம் ஊர் முழுவதையும் பட்டியலில் ஏற்றிவிட்டு, 'உங்களை மட்டும் விடுவிக்கிறோம், கட்டணம் இவ்வளவு' என்பார்கள். பெரிய நிறுவனங்கள் அந்தப் பட்டியல்களைப் பொருட்படுத்துவதில்லை. நடுவில் நிற்கும் தரகரோ, இலவசமாகக் கிடைக்கும் நீக்கத்துக்கும் உங்களிடம் விலை போட்டு வாங்குகிறார். அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்தப் பட்டியல், அதை எந்தப் பெரிய சர்வர் பயன்படுத்துகிறது, எழுத்தில் கொடுங்கள். கடிதம் வராது.

மாற்று சர்வரும் அதே ரகம். உங்கள் சர்வர் அரை நாள் படுத்துவிட்டால் அஞ்சல் போய்விடும் என்று பயமுறுத்தி விற்பார்கள். போகாது. ஒழுங்கான எந்த சர்வரும் நான்கைந்து நாட்கள் திரும்பத் திரும்ப முயலும். மாற்று சர்வரில் காவல் தளர்ந்திருக்கும் என்று தெரிந்துகொண்டு முதலில் அந்தக் கதவைத் தட்டுகிறவன் ஸ்பாம்காரன்தான். காசு கொடுத்துப் பின்வாசல் வைப்பானேன்?

வாசலில் இன்னும் இரண்டு சிறு சோதனைகள் வைக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸோடு சேர்ந்தே வரும் போஸ்ட்ஸ்கிரீன், வருகிறவரை வணக்கம் சொல்லும் முன் ஆறு விநாடி காக்க வைக்கும். பொறுமையில்லாமல் முந்திப் பேசுகிறது ஸ்பாம் நிரல், அத்தோடு மாட்டிக்கொள்ளும். தலைகீழ் டிஎன்எஸ் பெயரே இல்லாத, அதாவது எண்ணைக் கொடுத்துப் பெயர் கேட்டால் எதுவும் கிடைக்காத ஐபி முகவரிகளையும் மறுத்துவிடலாம். 'முதல் முறை பிறகு வா என்று சொல்லி, மறுபடி வந்தால் ஏற்பது' என்ற கிரேலிஸ்டிங் ஒரு காலத்தில் அற்புதமாக வேலை செய்தது. இன்றைக்கு அந்தத் தாமதத்தால் வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் காலாவதியான பிறகு வந்து சேரும். உறுப்பினர்கள் உங்களைத்தான் திட்டுவார்கள். வேண்டாம்.

திருப்பிவிடப்படும் பழைய முகவரியை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன எல்லா விதிகளும் அங்கே தலைகீழாகின்றன. பழைய சர்வருக்கு வரும் ஸ்பாம், அந்த சர்வரின் கையாலேயே உங்களிடம் வருகிறது. உங்கள் வாசலில் நிற்பவர் நல்லவர். அவர் கையில் இருப்பது குப்பை. தடுப்புப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. எஸ்பிஎஃப் சோதனை இன்னும் மோசம்: வங்கி எழுதிய உண்மையான கடிதத்தை அவர் கொண்டுவந்தாலும், வங்கியின் எஸ்பிஎஃப் பதிவில் அவர் பெயர் இருக்காது, ஆகவே தோல்வி. நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரி தோற்கும். டிகிம் கையொப்பம் மட்டும், வழியில் யாரும் கடிதத்தைத் திருத்தாமல் இருந்தால் பிழைத்து வரும். சரி, குப்பை என்று தெரிந்தவற்றை மறுத்தால்? அந்த சர்வர் அதை அனுப்புநர் முகவரிக்குத் திருப்பும். அந்த முகவரி திருடியது. நான் மேலே சொன்ன நூறு அப்பாவிகளின் கதை, இந்த முறை அவருடைய செலவில். சில நாளில் அவர் உங்களுக்கு அனுப்புவதையே குறைத்துக்கொள்வார். ஆகவே அந்த ஒரு சர்வரின் ஐபி முகவரிக்கு மட்டும் விலக்கு எழுதுங்கள்: பட்டியல் சோதனை இல்லை, எஸ்பிஎஃப் சோதனை இல்லை, மறுப்பும் இல்லை. உள்ளடக்கத்தை எடைபோட்டு, குப்பையானால் கோப்புறைக்கு அனுப்புங்கள். எதிர்த் திசையிலும் இதே சங்கடம் உண்டு. உங்கள் உறுப்பினர் யாராவது தன் அஞ்சலை இங்கிருந்து வேறு பெரிய சேவைக்குத் திருப்பிவிட்டிருந்தால், அவருக்கு வரும் ஸ்பாமுக்கெல்லாம் உங்கள் சர்வரே அனுப்புநராகக் கணக்கில் ஏறும். அதை நிறுத்தச் சொல்லுங்கள். கைபேசியில் இரண்டு கணக்கு வைத்துக்கொள்வது ஒன்றும் பெரிய வித்தை அல்ல.

இதையெல்லாம் செய்த பிறகும் தினமும் கொஞ்சம் வரும். எங்கிருந்து என்று பார்த்தால் உங்களுக்கே ஆத்திரம் வரும்: பெரிய இலவச அஞ்சல் நிறுவனங்களிலிருந்து, எல்லாக் கையொப்பங்களும் சரியாக. அவற்றைத் தடுக்க முடியாது, பாதி உலகம் அங்கேதான் இருக்கிறது. புகார் எழுதினால் தானியங்கிப் பதில் வரும், அதோடு சரி. உங்களைப் போன்ற சிறியவர் ஒரு கணக்கின் கடவுச்சொல்லைத் தவறவிட்டால் ஒரே இரவில் தடை. அந்தப் பெரிய நிறுவனங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. ஸ்பாம் பிரச்சினை இரண்டு ஆண்டில் தீர்ந்துவிடும் என்று 2004-இல் டாவோஸில் பில் கேட்ஸ் சொன்னார். நான் இன்னும் இதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மிச்சத்துக்கு ஆர்ஸ்பாம்டி என்ற வடிகட்டி நிரலைப் போடுங்கள். ஒவ்வோர் அஞ்சலுக்கும் மதிப்பெண் போடும். இயல்பு அமைப்பில் 6 தொட்டால் ஸ்பாம் முத்திரை, 15 தொட்டால் மறுப்பு. எண்களை மாற்றாதீர்கள். சொற்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பேய்ஸ் வடிகட்டி அதற்குள் இருக்கிறது. உறுப்பினர்கள் குப்பையைக் கோப்புறைக்கு இழுத்துப் போடும்போதும், தவறாகப் போனதை வெளியே எடுக்கும்போதும் அது பாடம் படிக்கும்படி டவ்காட்டில் இணைத்துவிடலாம். நல்லதில் 200, கெட்டதில் 200 சேரும் வரை அது வாயே திறக்காது. பழைய அஞ்சலிலிருந்தே எடுத்து முதல் நாளே ஊட்டிவிடுங்கள். கேட்ச்-ஆல் பெட்டியில் கெட்டது வேண்டிய மட்டும் இருக்கும். மூடுவதற்கு முன் அதை ஒரு நகல் எடுத்து வையுங்கள்.