அரசியல் அறிவியலா, சர்வதேச உறவுகளா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். நாள் முழுக்க உக்ரைன், காசா, சீனா என்றுதான் பேச்சு. பி.ஏ. அரசியல் அறிவியலில் சேர்ப்பதா, ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பி.ஏ. சர்வதேச உறவுகளில் சேர்ப்பதா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இளங்கலையில் அரசியல் அறிவியல், முதுகலையில் சர்வதேச உறவுகள். இதுதான் எங்கள் பரிந்துரை. பள்ளி ஆசிரியர் ஆகும் எண்ணம் இருந்தால் மட்டும் இந்த வரிசை ஒத்துவராது. அதைக் கீழே சொல்கிறோம்.

கச்சத்தீவை எடுத்துக்கொண்டால் இரண்டு படிப்புக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும். 1974-இல் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை வகுத்தபோது தீவு இலங்கைப் பக்கம் போனது. இதில் அரசியல் அறிவியல் மாணவி என்ன கேட்பாள்? இந்திய நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் தேவை என்று மேற்கு வங்கத்தின் பெருபாரி பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் 1960-லேயே உச்ச நீதிமன்றம் கருத்துச் சொல்லிவிட்டதே, கச்சத்தீவுக்கு ஏன் திருத்தம் வரவில்லை? ஒப்பந்தம் போடுவது ஒன்றிய அரசின் அதிகாரம் என்றால் தமிழ்நாடு சட்டமன்றத் தீர்மானத்துக்கு என்ன எடை? சர்வதேச உறவுகள் படிப்பவளின் கேள்விகள் வேறு. கொழும்புடன் நட்பு அப்போது டெல்லிக்கு ஏன் அவ்வளவு முக்கியமாகப் பட்டது? மீனவர்கள் தீவுக்குப் போய்வர 1974 ஒப்பந்தம் இடம் தந்தது; ஒரு நாட்டுப் படகு மறு நாட்டு நீரில் மீன்பிடிக்கக் கூடாது என்றன 1976-இல் பரிமாறிய கடிதங்கள். இரண்டையும் சேர்த்து எப்படிப் படிப்பது?

முதல் வகைக் கேள்விகளில் கை பழகியவருக்கு இரண்டாவது வகை எம்.ஏ.வின் இரண்டு ஆண்டில் வசப்படும். அரசு, அதிகாரம், அரசியலமைப்பு எதையும் ஊன்றிப் படிக்காமல் நேரே உலக அரசியலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் செய்தி விமர்சகர்களாக நின்றுவிடுகிறார்கள். (தொலைக்காட்சி விவாதங்களில் அதற்கு ஆள் பற்றாக்குறை இல்லை.)

பட்டத்தின் பெயரில் ஒரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் அரசு வேலைக்குப் போகும்போது, அறிவிப்பில் கேட்ட பாடமும் சான்றிதழில் உள்ள பாடமும் ஒன்றா என்று பார்ப்பார்கள். பெயர் வேறாக இருந்தால், அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை (கேட்ட பட்டத்துக்குச் சமம் என்ற ஒப்புதல்) வழங்கிய அரசாணையைக் காட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியும் சான்றிதழ் சரிபார்ப்பில் விழுவது நடக்கிறது. முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலை, முதுகலை இரண்டும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும், பி.எட்.டும் வேண்டும். அதனால் மகளுக்குப் பள்ளியில் கற்பிக்கும் ஆசை இருந்தால் எம்.ஏ.வும் அரசியல் அறிவியலிலேயே படிக்கட்டும்.

அந்தத் தனியார் பல்கலைக்கழகப் படிப்பே பிடித்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன் ஆறு பருவப் பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். அரசியல் கோட்பாடு, இந்திய அரசியலமைப்பு, ஒப்பீட்டு அரசியல், சர்வதேசச் சட்டம், பொருளாதாரம், ஆய்வு முறையியல் ஆகிய ஆறும் இருக்கின்றனவா? இவற்றில் இரண்டு மூன்று இல்லாமல், அந்த இடத்தில் 'ஆளுமை மேம்பாடு', 'தலைமைப் பண்பு' என்று தாள்கள் நிறைந்திருந்தால் வேண்டாம்.

கேள்வி: ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) அதிகாரியாக சர்வதேச உறவுகள் பட்டம் கட்டாயமா?
– வாசகர், தர்மபுரி

பதில்: இல்லை. எந்தப் பட்டமும் போதும். வெளியுறவுத் துறை அமைச்சர் ஜெய்சங்கர் 1977-இல் ஐ.எஃப்.எஸ். பணியில் சேர்ந்தவர், அவருடைய இளங்கலை வேதியியல். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யு.) சர்வதேச உறவுகள் படித்தது அதன் பிறகுதான். திருச்சியில் பிறந்த அவருடைய தந்தை, பாதுகாப்பு வல்லுநர் கே. சுப்ரமணியமும் வேதியியல்காரரே.

பட்டம் உதவுவது விருப்பப் பாடத்தில். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் தரவரிசைக்குக் கணக்காகும் 1750 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்துக்கு 500. 'அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும்' அங்கே ஒரே பாடம்தான். முதல் தாளில் பிளேட்டோ முதல் கிராம்சி வரை, கௌடில்யர் முதல் அம்பேத்கர் வரை சிந்தனையாளர்கள், பிறகு இந்திய அரசியல். ஒப்பீட்டு அரசியலும் உலக அரசியலும் இந்திய வெளியுறவும் இரண்டாம் தாளில். சர்வதேச உறவுகள் மட்டும் படித்தவர் முதல் தாளைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

பலர் கவனிக்காத இன்னொரு வழி: பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வில் வெளியுறவு அமைச்சகத்தின் உதவிப் பிரிவு அலுவலர் பணி வருகிறது. வெளிநாட்டுத் தூதரகங்களிலும் பணியமர்த்துவார்கள். இதற்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும்.

கேள்வி: பி.இ. முடித்து இரண்டு ஆண்டாக ஐ.டி. வேலை. எம்.ஏ. சர்வதேச உறவுகள் படிக்க ஆசை. எங்கே, எப்படி?
– வாசகர், ஓசூர்

பதில்: பக்கத்திலேயே தொடங்கினால் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், காசர்கோட்டில் கேரள மத்தியப் பல்கலைக்கழகம், கோட்டயத்தில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம். வடக்கே கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம், டெல்லியில் தெற்காசியப் பல்கலைக்கழகம், ஜே.என்.யு. இந்தியாவில் இந்தத் துறைக்கென 1955-இல் தொடங்கிய உயர்கல்வி நிறுவனம்தான் பின்னர் ஜே.என்.யு.வோடு இணைந்தது.

ஜே.என்.யு., புதுச்சேரி, காசர்கோடு ஆகிய மூன்றுக்கும் முதுகலை சி.யு.இ.டி. (பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு) எழுத வேண்டும். 75 கேள்விகள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. பலர் சறுக்குவது தாளைத் தேர்ந்தெடுப்பதில். எந்தப் படிப்புக்கு எந்தத் தாள் என்பதைப் பல்கலைக்கழக அறிவிப்பில் பார்த்த பிறகே விண்ணப்பத்தை நிரப்புங்கள். வேறு தாளை எழுதிவிட்டால் அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு உதவாது. பி.இ. பட்டம் ஏற்கப்படுமா, குறைந்தபட்சம் எத்தனை சதவீதம் என்பதும் அதே அறிவிப்பில் இருக்கும்.

இப்போதே ஒரு மொழியைத் தொடங்குங்கள். சென்னையில் பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மனுக்குக் கோதே நிலையம், ஜப்பானியத்துக்கு ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் இருக்கின்றன. ஏ1 என்ற தொடக்க நிலைச் சான்றிதழோடு நின்றால் பயோடேட்டாவில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். அந்த மொழி நாளிதழைப் படித்துக் குறிப்பெடுக்க பி2 என்ற மேல் இடைநிலை வேண்டும். வேலையோடு படித்தால் இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும்.

உங்கள் பி.இ. வீண் போகாது. சிப் ஏற்றுமதிக் கட்டுப்பாடு, கடலடிக் கேபிள், 5ஜி கருவிகள் பற்றிய ஆய்வில் கலைப்பிரிவு மாணவர் திணறும் இடம் உங்களுக்குத் தெரிந்த இடம். சேர்க்கை ஆண்டுக்கு ஒருமுறைதான்; தவறினால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். எனவே இடம் உறுதியாகும்வரை வேலையை விடாதீர்கள்.