ஆர்ஓஜி போன் 6-ஐ விட்டு 9-க்கு மாறலாமா?

கேள்வி: அசுஸ் ஆர்ஓஜி போன் 6 வைத்திருக்கிறேன். தினமும் கென்ஷின் இம்பாக்ட், பப்ஜி மொபைல் இரண்டும் ஆடுவேன். இப்போதெல்லாம் அரை மணி நேரம் தாண்டினால் கேம் இழுக்கிறது, சார்ஜும் மளமளவென்று இறங்குகிறது. ஆர்ஓஜி போன் 9 வாங்கிவிடலாமா?

பதில்: "அரை மணி நேரம் தாண்டினால்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. சிப்புக்குத் திராணி இல்லையென்றால் கேம் திறந்த ஐந்தாவது நிமிடத்திலேயே திணறும். போகப் போகத்தான் இழுக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டை.

விநாடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படங்கள், ஓட வேண்டுமானால் ஒவ்வொரு ஃப்ரேமையும் 16.7 மில்லி விநாடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். போன் சூடானதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சிப்பின் வேகத்தைத் தானே குறைக்கிறது. அதே ஃப்ரேமுக்கு 20 மில்லி விநாடி ஆனால் 60 என்பது 50 ஆகிவிடும். கைக்குத் தெரிகிற இழுவை இதுதான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். போன் நன்றாக ஆறியிருக்கும்போது கவரைக் கழற்றுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள். கேமுக்குள் போய், போனிலேயே இருக்கும் கேம் ஜீனி என்ற வசதியைத் திறந்து, எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்) எண்ணும் வெப்பநிலையும் திரையிலேயே தெரிகிற மாதிரி வையுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் என்ன எண், முப்பதாவது நிமிடத்தில் என்ன எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். கென்ஷினில் நெரிசலான ஒரே இடத்தில் நின்று இரண்டு முறையும் பார்த்தால்தான் ஒப்பீடு சரியாக இருக்கும். ஒரு முறை நகரத்திலும் மறுமுறை வெட்டவெளியிலும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

ஐந்தில் 60, முப்பதில் 45 என்று வந்தால் சூடுதான் காரணம். தடிமனான கவரும், சார்ஜ் போட்டபடியே ஆடுவதும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். மின்சாரத்தில் செருகித்தான் ஆட வேண்டும் என்றால் பைபாஸ் சார்ஜிங்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் பேட்டரிக்குப் போகாமல் நேராக போனுக்குப் போகும், சார்ஜ் ஏறுவதால் வரும் சூடு இருக்காது. கிளிப் போல மாட்டும் கூலிங் ஃபேன் இருந்தால் இன்னும் நல்லது.

எண் 60-இலேயே நிற்கிறது, ஆனால் பப்ஜியில் எதிரி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறான் என்றால் அது நெட்வொர்க் பிரச்சினை. எந்தப் புது போனும் உங்கள் பிங்கை, அதாவது கேம் சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரத்தை, சரிசெய்யாது.

சார்ஜ் இறங்குவது தனிக் கதை. லித்தியம் பேட்டரி சில நூறு முறை ஏறி இறங்கினாலே கொள்ளளவு குறையத் தொடங்கும். தினமும் கேம் ஆடுகிற போனில் அந்தக் கணக்கு சீக்கிரம் நிறைந்துவிடும். 20 சதவீதம் காட்டும்போதே போன் பட்டென்று அணைகிறதா? பேட்டரி மாற்றும் நேரம் வந்துவிட்டது. உள்ளே இரண்டு செல்கள் இருப்பதால் இதை வீட்டில் முயலாமல் தெரிந்த சர்வீஸிடம் கொடுங்கள். பேட்டரி வீங்கி பின்பக்க மூடி லேசாகத் தூக்கியிருந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள்.

சரி, 9-இல் அப்படி என்ன கூடுதல்? திரை விநாடிக்குப் புதுப்பித்துக்கொள்ளும் எண்ணிக்கை 165 ஹெர்ட்ஸிலிருந்து 185 ஆகியிருக்கிறது. ஒரு ஃப்ரேமுக்கு 6.1 மில்லி விநாடி என்பது 5.4 ஆகிறது, அவ்வளவுதான். நீங்கள் ஆடும் கேம்கள் 165-ஐயே தொடாதபோது 185 எதற்கு? பேட்டரி 6000-இலிருந்து 5800 எம்ஏஹெச் ஆகக் குறைந்திருக்கிறது, சார்ஜிங் அதே 65 வாட். தண்ணீர் பாதுகாப்பு ஐபி68 என்பது நிஜமான முன்னேற்றம். திரைக்கு மேலும் கீழும் இருந்த பட்டையான விளிம்பு போய்விட்டது. பார்க்க அழகு, ஆனால் படுக்கைவாட்டில் பிடித்து ஆடும்போது கட்டைவிரல் இளைப்பாற இருந்த இடமும் அதோடு போனது. எனக்கு அது குறைதான்.

சிப் விஷயத்தில் மட்டும் 9-ஐக் குறை சொல்ல முடியாது. உங்கள் 6-இல் இருக்கும் ஸ்னாப்டிராகன் 8+ ஜென் 1, சூட்டுக்குப் பேர்போன 8 ஜென் 1-ஐ தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் ஆலைக்கு மாற்றித் தயாரித்தது. 2022-க்கு நல்ல சிப். 9-இல் இருப்பது 2024-இல் வந்த 8 எலீட். அதே 60 ஃப்ரேமை ஓட்ட இதற்கு மின்சாரம் குறைவாகப் போதும், அதனால் நீண்ட நேர ஆட்டத்தில் வேகம் விழுவது தள்ளிப்போகும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) எண்ணைவிட இதுதான் உங்களுக்கு முக்கியம்.

என் கருத்து இது: பேட்டரியை மாற்றி, கவர் இல்லாமல் மறுபடி சோதியுங்கள். முப்பதாவது நிமிடத்தில் 55-க்கு மேல் நின்றால் 6-ஐயே ஓட்டுங்கள். கிராபிக்ஸைக் குறைத்தும் நிற்கவில்லை, அல்லது பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுபோய் அதே போனில்தான் வங்கி வேலையும் பார்க்கிறீர்கள் என்றால் மாறுவது நியாயம். அப்போதும் 12 ஜிபி ரேம் உள்ள மாடலே போதும். இந்த இரண்டு கேம்களும் அதற்கு மேல் கேட்பதில்லை.