எண்ணாமலே ‘மூணு’ என்றால் தப்பா?

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். நூறு வரை கடகடவென்று ஒப்பிப்பாள். தட்டில் மூன்று இட்லியை வைத்து ‘எத்தனை?’ என்று கேட்டால், எண்ணாமலே ‘மூணு’ என்பாள். குத்துமதிப்பாகச் சொல்கிறாளோ என்று, ‘விரலை வச்சு எண்ணிச் சொல்லு’ என்று கண்டித்துப் பழக்கினேன். இப்போது இரண்டு பிஸ்கட்டைக்கூடத் தொட்டுத் தொட்டுத்தான் எண்ணுகிறாள். எண்ணி முடித்ததும் ‘சரி, மொத்தம் எத்தனை?’ என்றால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள். பள்ளியில், ‘எண்ணாமல் பார்த்தே சொல்லப் பழக்குங்கள்’ என்கிறார்கள். மாமியாரோ பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கி வைத்துக்கொண்டு, ‘இதை விளையாடட்டும், எல்லாம் வரும்’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: மாமியார் பேச்சைக் கேளுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் மகள் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. மூன்று இட்லி மூன்றாகவே கண்ணில் பட்டது, சொன்னாள். நமக்கும் அப்படித்தானே? தாயக்கட்டையை உருட்டினால் புள்ளியை யார் எண்ணுகிறார்கள்? வாசலில் மூன்று ஜோடி செருப்பு கிடந்தால், வந்திருப்பது மூன்று பேர் என்று உள்ளே நுழையும்போதே தெரிந்துவிடுகிறது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெவன்ஸ் என்ற பொருளியல் அறிஞர் கறுப்பு அவரைக்கொட்டைகளை அள்ளி ஒரு சின்னப் பெட்டியை நோக்கி வீசுவார். உள்ளே விழுந்தது எத்தனை என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டு, பிறகு எண்ணிச் சரிபார்ப்பார். இப்படி 1,027 தடவை செய்து, 1871-இல் கட்டுரையாக வெளியிட்டார். (வீட்டில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ!) மூன்றிலும் நான்கிலும் அவருக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை. ஐந்திலேயே தப்பு வர ஆரம்பித்துவிட்டது. 1949-இல் உளவியலாளர்கள் இந்தத் திறனுக்கு ‘சபிடைசிங்’ என்று பெயர் வைத்தார்கள். ‘திடீர்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர். பெயரை நீங்கள் மறந்துவிடலாம். வளர்ந்தவர்களுக்கே நாலு வரைதான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டாம் முறை படித்த வரி வேறு: ‘மொத்தம் எத்தனை?’ என்றால் மறுபடி எண்ணுகிறாள் என்றீர்களே, அது. இந்த வயதில் பல பிள்ளைகள் அப்படித்தான். அவளைப் பொறுத்தவரை ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்பது பிஸ்கட்டுகளுக்கு ஆளுக்கொரு பெயர் வைப்பது மாதிரி. ‘மூணு’ என்பது கடைசி பிஸ்கட்டின் பெயர். அது மொத்தத்துக்கும் சேர்த்துச் சொல்லும் சொல் என்பது இன்னும் பிடிபடவில்லை. அதைப் பிடிபட வைப்பதில், பார்த்தவுடன் தெரிகிற மூன்றுக்குப் பெரிய பங்கு உண்டு. கண் ‘மூணு’ என்கிறது, எண்ணினாலும் மூணில்தான் வந்து நிற்கிறது. இரண்டும் ஒன்றே என்று பத்து இருபது தடவை பார்த்தபிறகுதான் எண்ணுவதற்கே அர்த்தம் வருகிறது. நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் கண்டித்தீர்கள். ஆனால் கண் சொன்னதை அவள் நம்பாதபடி ஆகிவிட்டது.

ஆகவே, நாலு பொருள் வரைக்கும் ‘எண்ணிச் சொல்லு’ என்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, ‘அட, எப்படித் தெரிஞ்சுது?’ என்று கேளுங்கள். ஒருநாள் ‘இங்க ரெண்டு, அங்க ஒண்ணு’ என்பாள். கூட்டல் பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

விளையாட்டுக்குச் செலவே இல்லை. ஒரு தட்டில் இரண்டு புளியங்கொட்டையைப் போட்டுக் கிண்ணத்தால் மூடுங்கள். இரண்டு நொடி திறந்து காட்டிவிட்டு மறுபடி மூடிவிட்டு, ‘எத்தனை?’ என்று கேளுங்கள். எண்ணுவதற்கு அவகாசம் இல்லாததால் கண்ணைத்தான் நம்ப வேண்டியிருக்கும். சொன்னபிறகு திறந்து அவளே பார்த்துக்கொள்ளட்டும். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம், திறந்த தட்டே திருத்திவிடும். இரண்டு பழகியதும் மூன்று, பிறகு நாலு. அவள் மூடி வைத்து உங்களைக் கேட்கும் முறையும் வரட்டும். நீங்கள் ஒருமுறை தப்பாகச் சொன்னால் அன்றைக்கு வீடே இரண்டுபடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் புளியங்கொட்டை வேண்டாம், பெரிய பாட்டில் மூடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டை மூக்குக்குள்ளோ தொண்டைக்குள்ளோ போய்விட்டால் ஆபத்து.

பொருள்களை ஒரே மாதிரி அடுக்காதீர்கள். மூன்றை ஒருநாள் வரிசையாக, ஒருநாள் அடுப்புக்கல் மாதிரி முக்கோணமாக, ஒருநாள் சிதறலாக வையுங்கள். பகடையில் வரும் ஐந்தையே திரும்பத் திரும்பக் காட்டினால் அந்த வடிவத்துக்கு ‘அஞ்சு’ என்று பெயர் வைத்துக்கொள்வாள், எண்ணிக்கையைப் பார்க்கமாட்டாள். நாலுக்கு மேலே போனால் கூறுபோட்டுப் பார்க்கப் பழக்கலாம்: மூன்றும் இரண்டும் ஐந்து, மூன்றும் மூன்றும் ஆறு. அஞ்சாங்கல் ஆடிய கைகளுக்கு இது புதிதில்லை. தரையில் கிடக்கும் நாலு கல்லை இரண்டிரண்டாகவும், மூன்றும் ஒன்றுமாகவும் அள்ளுவதும் கூறுபோடுவதுதானே?

சிதறிக் கிடக்கும் ஏழெட்டுப் பொருள் என்றால் தாராளமாக எண்ணட்டும். எண்ணுவதும் வேண்டும். பேசவே தொடங்காத குழந்தைக்கு முப்பது நாற்பது புள்ளி போட்ட அட்டையைக் காட்டச் சொல்லி விற்கிறார்களே, அதற்குக் காசைக் கொட்டாதீர்கள்.

பயப்பட இதில் ஒன்றும் இல்லை. ஆறேழு வயதிலும் இரண்டு மூன்று பொருளைப் பார்த்ததும் சொல்ல முடியாமல் திணறினால் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். பிறகு, கணிதக் கற்றலில் சிரமம் இருக்கிறதா என்று குழந்தைகள் உளவியலாளரிடம் ஒருமுறை காட்டுங்கள். நாலரை வயதில், முன்பு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வியே எழாது.

சரி, பல்லாங்குழிக்கு வருவோம். காலியான குழியில் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு முத்தாக விழுந்து நாலு சேர்ந்தால் அது ‘பசு’. குழிக்குச் சொந்தக்காரர் உடனே அள்ளிக்கொள்ளலாம். கவனிக்காமல் விட்டு ஐந்தாவது விழுந்துவிட்டால் பசு போச்சு என்பது எங்கள் வீட்டு விதி. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு குழியையும் எண்ணிக்கொண்டிருக்க முடியுமா? கண்தான் பிடிக்க வேண்டும். ஜெவன்ஸ் 1,027 தடவை வீசிக் கண்டுபிடித்த அதே நாலு!

பாட்டியும் பேத்தியும் ஆடட்டும். முழு ஆட்டமும் இந்த வயதுக்குப் புரியாது. ஆளுக்கு மூன்று குழியோடு தொடங்கினால் போதும். முதல் வாரம், பேத்தி பக்கம் ஒரு பசு விழுந்தால் கொஞ்சம் நிதானமாக முத்துப் போடச் சொல்லுங்கள், மாமியாரிடம்.