முதியோர் இல்லத்துக்காக ஒரு சந்தியாகோ நடை: பணமும் பாதமும்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் ஆலயப் பங்கைச் சேர்ந்த எட்டுப் பேர், வரும் மே மாதம் ஸ்பெயினில் சாரியா ஊரிலிருந்து சந்தியாகோ நகரின் புனித சந்தியாகப்பர் பேராலயம் வரை நடக்க இருக்கிறோம். ஏழை முதியோரைப் பராமரிக்கும் ஓர் இல்லத்துக்கு நிதி திரட்டுவது நோக்கம். எங்கள் வயது 45 முதல் 63 வரை. இருவருக்குச் சர்க்கரை நோய். பணத்தைப் பங்கு ஆலயக் கணக்கிலேயே சேர்க்கலாமா? எப்படித் தயாராக வேண்டும்?

பதில்: ஆலயக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உங்களில் ஒருவருடைய சொந்தக் கணக்கிலும் வேண்டாம். நன்கொடை நேரே இல்லத்தின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். நடையைப் பற்றிப் பேசும் முன் இதை முடிவு செய்துவிடுங்கள். நிதி நடைகளில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தென்னாப்பிரிக்காவின் 1962ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 18ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பொதுநல அமைப்புக்கு ஒருவர் நன்கொடை கொடுத்தால், வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை அதைக் கழித்துக்கொள்ளலாம். மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். 31 விழுக்காடு வரி அடுக்கில் இருப்பவர் 5,000 ராண்ட் கொடுத்தால் அவருக்கு 1,550 ராண்ட் வரி மிச்சமாகும். அதைச் சொல்லிக் கேட்டால் அவரே 6,000 கொடுக்க முன்வரலாம். ஆனால் இந்தக் கழிவுக்குத் தேவையான 18ஏ ரசீதைத் தரும் தகுதி எல்லா அமைப்புக்கும் கிடையாது. சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை இரண்டு பகுதிகளாக இருக்கிறது. சமயப் பணி முதல் பகுதியில் மட்டும் வருகிறது. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தருவது இரண்டாம் பகுதி. ஏழை எளிய முதியோரைப் பராமரிப்பது இரண்டாம் பகுதியில் இருக்கிறது. அதனால் சமயப் பணிக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற ஆலயத்துக்கு வரிவிலக்கு இருந்தாலும், அதன் கணக்கில் விழும் பணத்துக்கு 18ஏ ரசீது தர முடியாது.

இல்லத்திடம் இரண்டு எண்களைக் கேளுங்கள். ஒன்று 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூக வளர்ச்சித் துறை கொடுக்கும் இலாப நோக்கற்ற அமைப்பின் பதிவு எண். மற்றது வருவாய்த் துறையான சார்ஸ் தரும், 930 என்று தொடங்கும் பொதுநல அமைப்பு எண். முதல் எண்ணைக் காட்டிவிட்டு “எங்களிடம் எல்லாம் இருக்கிறது” என்று நல்ல மனதோடு சொல்லிவிடுவார்கள். ரசீதுக்கு அது போதாது. இரண்டாவது இருந்தாலும், அதில் 18ஏ அங்கீகாரம் உண்டா என்று தனியாகப் பார்க்க வேண்டும். சார்ஸ் இணையதளத்திலேயே தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

2023 மார்ச் 1 முதல் ரசீதில் கொடுப்பவரின் அடையாள எண், தொடர்பு எண், இருந்தால் வரி எண் ஆகியவையும் இடம்பெற வேண்டும். இந்த விவரங்களை வாட்ஸ்அப் குழுவில் திரட்டாதீர்கள். கொடுப்பவர் நேரே இல்லத்தின் அலுவலகத்துக்கு அனுப்பட்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பணம் அனுப்பும்போது குறிப்பில் எழுத ஒரு சொல்லைக் கொடுங்கள். ‘நடை’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில், பின்னால் குடும்பப் பெயரோடு எழுதினால், இல்லத்தின் மற்ற வரவுகளிலிருந்து இதைப் பிரித்தெடுக்கலாம். வாரம் ஒருமுறை மொத்தத் தொகையை மட்டும் இல்லம் உங்களுக்குச் சொன்னால் போதும்.

பிரியாணி விற்று நிதி சேர்ப்பது நம் ஊர்களில் நெடுநாள் பழக்கம். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் காசு கொடுத்தவருக்குப் பதிலுக்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டால் அது விற்பனை, நன்கொடை ஆகாது. 18ஏ ரசீது கேட்க முடியாது. விருந்துச் சீட்டு, பெயர் அச்சிட்ட டிசர்ட் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். குலுக்கல் சீட்டு வேறு ஒரு சட்டத்தின் கீழ் வருவது. தேசிய லாட்டரி ஆணையத்திடம் கேட்காமல் அச்சடிக்காதீர்கள்.

பயணச் செலவு உங்களுடையதாகவே இருக்கட்டும். விமானச் சீட்டை நன்கொடையில் கழித்தால் கணக்கு எவ்வளவு நேராக இருந்தாலும் “நம் காசில் ஸ்பெயின் போய்வந்தார்கள்” என்ற பேச்சு வரும். அது நியாயமான பேச்சுதான். சித்தியோ மாமாவோ உங்கள் பயணத்துக்கென்று கொடுக்க விரும்பினால், அது உங்களுக்கான அன்பளிப்பு என்று அப்போதே சொல்லி வாங்குங்கள். துண்டறிக்கையின் முதல் வரிகள் இப்படி இருக்கலாம்: “நடப்பவர்கள் தங்கள் செலவு முழுவதையும் தாங்களே ஏற்கிறார்கள். நீங்கள் தரும் தொகை நேரே இல்லத்தின் கணக்குக்குச் செல்கிறது.” அடுத்த வரியில் எதற்கான பணம் என்று சொல்லுங்கள். ‘முதியோர் நலனுக்கு’ என்பதைவிட, ‘ஆறு மருத்துவக் கட்டில்களுக்கு’ என்று எழுதினால் கொடுப்பவர் கண்முன் ஒரு பொருள் நிற்கும். தொகை மிஞ்சினாலும் குறைந்தாலும் என்ன செய்வீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

கிலோமீட்டருக்கு 10 ராண்ட் என்று வாக்கு வாங்கி, திரும்பி வந்து வசூலிக்கும் முறை எங்களுக்குச் சரியாகப் படவில்லை. வந்தபின் பாதிப் பேர் கைப்பேசி எடுக்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், முட்டி வீங்கிய ஒருவர் “இன்று நிறுத்தினால் இல்லத்துக்கு நஷ்டம்” என்று நினைத்து நடந்துவிடுவார். மொத்த நடைத் தூரமான 115 கிலோமீட்டருக்கு 1,150 ராண்ட் என்ற கணக்கைக் கேட்பதற்கு மட்டும் பயன்படுத்தி, தொகையை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வரி ஆண்டு பிப்ரவரி கடைசியில் முடிவதால் ஜனவரி நடுவிலேயே வசூலைத் தொடங்குங்கள். அப்போது கொடுப்பவர் இந்த ஆண்டுக் கணக்கிலேயே கழித்துக்கொள்ளலாம்.

தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; மே மாதத்துக்கு நவம்பரிலேயே நேரம் பதிவு செய்யப் பாருங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். சொந்தக் கணக்கில் நன்கொடை வேண்டாம் என்றதற்கு இங்கே இன்னொரு காரணமும் இருக்கிறது: வங்கி அறிக்கையில் திடீரென்று பலரிடமிருந்து பணம் வந்திருந்தால் விளக்கம் கேட்கப்படலாம். தங்குமிடச் சான்றும் வேண்டும். அல்பெர்கே எனப்படும் யாத்திரிகர் விடுதிகளில், இந்தப் பாதை இருக்கும் கலீசியா மாநிலத்தின் அரசு நடத்துபவை முன்பதிவு எடுப்பதில்லை. முதலில் வருபவருக்குத்தான் படுக்கை. எட்டுப் பேருக்கு அது ஒத்துவராது. தனியார் விடுதிகளில் எல்லா இரவுக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்குப் படுக்கையும் சாப்பாடும் சேர்த்து 45 முதல் 50 யூரோ ஒதுக்கலாம். 2024இல் சந்தியாகோவில் பதிவு செய்த யாத்திரிகர்கள் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. புனித சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிறன்று வரும் ஆண்டு புனித ஆண்டு, அடுத்தது 2027. அந்த ஆண்டு போவதானால் இன்னும் முன்னதாகவே பதிவு செய்யுங்கள்.

பாதை இது: சாரியா – போர்த்தோமரின் 22 கி.மீ., அங்கிருந்து பாலாஸ் தெ ரேய் 25, அர்சூவா 29, ஓ பெத்ரௌசோ 19, சந்தியாகோ 20. ஐந்து நாள் திட்டத்தில் மூன்றாம் நாள்தான் ஆட்களை முடக்குகிறது. முந்தைய இரண்டு நாள் களைப்போடு, ஓடைப் பள்ளங்களில் இறங்கி ஏறும் 29 கி.மீ. அது. உங்கள் வயதுக்கும் உடல்நிலைக்கும் அதை மெலிதே ஊரில் உடைத்து ஆறு நாளாக்குங்கள். பாலாஸிலிருந்து மெலிதே 15 கி.மீ.தான். ஒரு படுக்கைச் செலவு கூடும், அவ்வளவே.

வேளாங்கண்ணிப் பாதயாத்திரையை மனதில் வைத்துக்கொண்டு போனால் சில இடங்களில் தடுமாறுவீர்கள். வழியில் மோர்ப்பந்தலோ அன்னதானமோ இருக்காது. வெறுங்காலோடு நடப்பதையும் இங்கே நினைக்கவே வேண்டாம், பாதை சரளைக்கல்லும் தாருமாக இருக்கிறது. டர்பனில் விடியும் நேரத்துக்குப் பழகியவர்களுக்கு இன்னொன்று: மே மாதத்தில் கலீசியாவில் சூரியன் எழுவதே ஏழு மணிக்குத்தான். ஐந்து மணிக்குக் கிளம்பினால் இருட்டில் வழிகாட்டும் மஞ்சள் அம்புக்குறிகள் தெரியாது.

பயிற்சிக்குக் கடற்கரை நடைபாதை மட்டும் போதாது, அது சமதளம். வெஸ்ட்வில் பக்கத்து ஏற்ற இறக்கங்களில் நடங்கள். ஜனவரியில் வாரம் நான்கு நாள் ஐந்தாறு கிலோமீட்டர், பிப்ரவரியில் வாரக் கடைசியில் 12, மார்ச்சில் 16, ஏப்ரலில் இருமுறையாவது சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து 20. இந்த இரண்டாம் நாள் நடையை விட்டுவிடாதீர்கள். முதல் நாள் எவரும் நடந்துவிடலாம். செருப்பு சரியில்லை, பை வார் தோளை அறுக்கிறது என்பதெல்லாம் மறுநாள் காலையில்தான் தெரியும். டர்பன் கோடையில் காலை ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

காலணி வழக்கமான அளவைவிட அரை முதல் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். மாலையில், கால் வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்குங்கள். ஊரிலிருந்து புதுக் காலணியோடு விமானம் ஏறக் கூடாது. குறைந்தது 100 கி.மீ. நடந்து பழகியதாக இருக்க வேண்டும். நகத்தை நேராக வெட்டுங்கள். போர்த்தோமரினுக்கு இறங்கும் செங்குத்துச் சரிவில் நீண்ட நகம் காலணி முனையில் இடித்து இரத்தம் கட்டும். கம்பளிக் கலவைக் காலுறை இரண்டு ஜோடி, காலையில் விரல் இடுக்கில் வாசலின். பை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள். முடியாதவர்கள் பையை அடுத்த ஊருக்கு அனுப்பிவைக்கும் சேவை நாள்தோறும் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் ஓரிடம் சுடும். அடுத்த ஊர் வரட்டும் என்று நினைக்காமல் அங்கேயே உட்கார்ந்து, காலுறையைக் கழற்றி, காலைத் துடைத்து, ஒட்டுப்பட்டை போடுங்கள். இரண்டு நிமிடம் ஆகும். சிறு கொப்புளத்தைத் தொட வேண்டாம். நடக்கவிடாத பெரிய கொப்புளமானால் சுத்தம் செய்து, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, மேல்தோலை உரிக்காமல் கட்டுப் போடுங்கள். நூலைக் கோத்து உள்ளே விட்டுவைக்கும் பழக்கம் யாத்திரிகரிடையே உண்டு. கிருமி உள்ளே போக அது வழி, செய்யாதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ள இருவரும் தாங்களாகக் கொப்புளத்தைக் குத்தவே கூடாது. நரம்பு உணர்விழந்த பாதத்தில் அந்த முதல் சூடே தெரியாமல் போகும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலணியைக் கழற்றி இன்னொருவர் பார்க்கட்டும். இரவில் கைக்கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். சிவப்போ புண்ணோ இருந்தால் அன்றே அவ்வூர் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அவசரத்துக்கு எண் 112. கிளம்பும் முன் மருத்துவரிடம் பாதப் பரிசோதனை செய்துகொண்டு, நடைநாட்களில் மருந்தளவு என்ன என்று எழுதி வாங்குங்கள். ஐந்தாறு மணி நேர நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், இன்சுலின் போடுபவருக்கும் சில மாத்திரைகள் எடுப்பவருக்கும் குறிப்பாக. நடுக்கம், வியர்வை, குழப்பம் கண்டால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் பொறுத்து மறு சோதனை. இன்சுலின் விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும், மருத்துவர் கடிதத்தோடு. அங்கே பல சமையலறைகள் மாலை நான்கு முதல் எட்டு வரை மூடியிருக்கும். நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர்கள் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழத்தைப் பையில் வைத்திருக்கட்டும்.

கிரெதென்சியால் எனப்படும் யாத்திரிகர் கையேட்டைத் தென்னாப்பிரிக்காவில் இயங்கும் புனித யாக்கோபு (சந்தியாகப்பர்) சகோதரத்துவ அமைப்பிடமே பெறலாம். சாரியாவிலிருந்து நாளுக்கு இரண்டு முத்திரை, தேதியோடு, அதில் வாங்க வேண்டும். கோவிலிலும் விடுதியிலும் தேநீர்க் கடையிலும் கிடைக்கும். 100 கிலோமீட்டரை நடந்தே முடித்திருக்க வேண்டும். இடையில் டாக்சி ஏறினால் கொம்போஸ்தெலா சான்றிதழ் கிடைக்காது. ஆனாலும் கால் கெட்டால் ஏறிவிடுங்கள். சான்றிதழ் இலவசம், தூரச் சான்றிதழுக்கு 3 யூரோ. நடக்க முடியாத நோயாளிக்காகவோ இறந்தவருக்காகவோ நடந்ததாகப் பெயர் குறித்துத் தரும் வழக்கமும் அந்த அலுவலகத்தில் உண்டு. இல்லத்துப் பெரியவர்களில் யாருடைய பெயர் என்பதை இங்கேயே பேசி முடிவு செய்துகொண்டு போங்கள். பேராலயத்துக்குள் முதுகுப் பையோடு விட மாட்டார்கள். பையை விடுதியில் வைத்துவிட்டு நண்பகல் திருப்பலிக்கு நேரத்தோடு போங்கள்.

பயணம் வர முடியாதவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் அங்கே நடக்கும் வாரத்தில் பங்கு மக்கள் கூட்டமாக, பகல் வெளிச்சத்தில், டர்பன் கடற்கரையில் ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தால் 23 பேரில் 115 கிலோமீட்டர் நிறைந்துவிடும். அவர்கள் திரட்டுவதும் அதே கணக்கு எண்ணுக்கு, அதே குறிப்புச் சொல்லோடு போகட்டும். வழியில் உண்டியல் குலுக்குவதானால் நகராட்சி அனுமதியை முன்பே கேட்டுவிடுங்கள்.