முன்னால் நிற்கிற குழந்தை

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். ஆறு மாதங்களுக்கு முன் தவணையில் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினோம். இரண்டரை வயது மகளை முன்னால் நிற்க வைத்து, ஆறு வயது மகனைப் பின்னால் உட்கார வைத்து, மகனைப் பள்ளியிலும் மகளை என் அம்மா வீட்டிலும் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். மாலையில் திரும்பும்போது மகள் நின்றபடியே தூங்கிவிடுகிறாள். இந்த வண்டியில் பேட்டரி, கால் வைக்கும் இடத்துக்கு அடியில் இருக்கிறது. அதன் மேலேயே குழந்தை நிற்பதால் கதிர்வீச்சு தாக்கும் என்று மாமியார் பயப்படுகிறார். உண்மையா? வீட்டில் நாய்க்குட்டி ஒன்றும் இருக்கிறது. ஊசி போட அதைத் துணிப்பையில் வைத்து ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போகலாமா?
– வாசகி, திருப்பூர்

குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவரின் பதில்:

மாமியாரின் சந்தேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு எதுவும் பேட்டரியிலிருந்து வருவதில்லை. மின்சாரம் ஓடுகிற எல்லாவற்றையும் சுற்றி இருக்கும் மின்காந்தப் புலம் இதைச் சுற்றியும் இருக்கும், அவ்வளவுதான். மிக்ஸி ஓடும்போது பக்கத்தில் நிற்கும் குழந்தைக்காக நாம் கவலைப்படுவதில்லை, இதற்கும் வேண்டாம். பேட்டரியைப் பற்றிப் பயந்தே ஆக வேண்டுமென்றால் அது சார்ஜ் போடும் இடத்தைப் பற்றி இருக்கட்டும். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டி தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். எனவே குழந்தைகள் தூங்கும் அறையிலும், வெளியேறும் ஒரே வழியான வாசல் நடையிலும் வண்டியை நிறுத்தி இரவெல்லாம் சார்ஜ் போடாதீர்கள். வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள்.

இனி, நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்ட விஷயம். மகள் முன்னால் நிற்கிறாள் என்கிறீர்கள். காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை, முகத்துக்கு நேரே என்ன இருக்கிறது என்பதில்.

இரண்டரை வயதுக் குழந்தை ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். ஸ்கூட்டரில் நிற்க வைத்தால் அவளுடைய கழுத்தும் தாடையும் ஹேண்டிலுக்கும் டிஸ்பிளேக்கும் நேராக வரும். திடீரென்று பிரேக் பிடித்தால் முதலில் அவள் முன்னால் போவாள், பின்னாலேயே உங்கள் உடலின் ஐம்பது அறுபது கிலோவும் அவள் மேல் சாயும். ‘நான் அணைத்துப் பிடித்திருக்கிறேனே’ என்று தாய்மார்கள் சொல்வது இந்த நேரத்தில் தலைகீழாகிவிடுகிறது. நடுவில் மாட்டிக்கொள்பவள் குழந்தைதான். முன்பற்கள் ஈறுக்குள் ஏறிப்போவதும் தாடை கிழிவதும் இப்படித்தான் நடக்கின்றன. குழந்தை இன்னும் கொஞ்சம் உயரமானால் ஹேண்டில் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். அது பல்லை விட மோசம்.

எனக்கு மறக்காத ஒரு பையன். நாலு வயது. வேகத்தடை அருகே வண்டி சாய்ந்து, ஹேண்டில் திரும்பி, அதன் நுனி வயிற்றில் குத்தியிருக்கிறது. அழுகை இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. முழங்காலில் சிராய்ப்பு இருந்ததால் எல்லோரும் அதற்கு மருந்து போட்டார்கள். மூன்றாம் நாள் பச்சை நிறத்தில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் தொப்புளுக்கு மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமான ஒரு கன்றிய தழும்பு. ஹேண்டில் நுனியின் அச்சு. உள்ளே முன்சிறுகுடலின் சுவரில் ரத்தம் கட்டி, குடல் அடைபட்டிருந்தது. பெரியவர்களுக்கு விலா எலும்புக் கூடு ஈரலையும் மண்ணீரலையும் ஓரளவு மூடிக்கொண்டிருக்கும். வயிற்றுத் தசையும் கெட்டியாக இருக்கும். சின்னக் குழந்தைக்கு இரண்டும் இல்லை. முன்சிறுகுடலும் கணையமும் முதுகெலும்பின் மேலேயே படுத்திருப்பதால், முன்னாலிருந்து வரும் குத்தில் அம்மிக்கும் குழவிக்கும் நடுவே அகப்பட்டதுபோல் நசுங்கும். வெளியே தெரிவது அந்த வட்டத் தழும்பு மட்டுமே. அவன் அறுவை சிகிச்சை இல்லாமலேயே தேறினான், ஆனால் மூன்று வாரம் வார்டில் இருந்தான்.

பெட்ரோல் வண்டியிலும் இது நடக்கும்தான். பேட்டரி வண்டியில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. பெட்ரோல் வண்டி ஓடிக்கொண்டிருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். இது சத்தமே போடாது. கடை வாசலில் நிறுத்தி, சாவியை அணைக்காமல், காய்கறிப் பையை வாங்கக் கை நீட்டுகிறீர்கள். முன்னால் நிற்கும் மகள் பிடிமானத்துக்காக ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துத் தொங்குகிறாள். மின்மோட்டாருக்கு முழு இழுவையும் முதல் நொடியிலேயே கிடைத்துவிடும், வண்டி பாயும். ஆகவே நீங்கள் ஏறி உட்கார்ந்து காலூன்றிய பிறகுதான் குழந்தை ஏற வேண்டும், வண்டியை அணைத்த பிறகுதான் இறங்க வேண்டும். பல மாடல்களில் சைடு ஸ்டாண்டு போட்டால் மோட்டார் நின்றுவிடும். உங்கள் வண்டியில் அந்த வசதி வேலை செய்கிறதா என்று குழந்தை இல்லாத நேரத்தில் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும் குணமும் சில வண்டிகளில் உண்டு. பழகிய உங்களுக்கு அது தெரியாது. ஒவ்வொரு முறையும் குழந்தையின் தலை முன்னால் ஆடும். குழந்தையோடு போகும்போது வேகம் குறைந்த மோடிலேயே ஓட்டுங்கள்.

அப்படியானால் எங்கே உட்கார வைப்பது? பின்னால், உங்கள் முதுகோடு சேர்த்துக் கட்டி. 2022 பிப்ரவரியில் வெளியாகி ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதி இதைத்தான் சொல்கிறது: நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்பு வார், ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையான குழந்தைக்கு அதன் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கடைகளில் ‘குழந்தை பெல்ட்’ என்று கேட்டால் கிடைக்கும். குழந்தை அதைச் சட்டைபோல் மாட்டிக்கொள்ளும். அதிலிருந்து வரும் பட்டைகளைப் புத்தகப்பை மாட்டுவதுபோல் நீங்கள் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். 30 கிலோ வரை தாங்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி. இடுப்பை மட்டும் சுற்றும் ஒற்றைப் பட்டையும், துப்பட்டாவால் போடும் முடிச்சும் இதற்கு ஈடாகாது.

40 என்பது சட்டத்தின் கணக்கு. என் கணக்கு வேறு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் எதன் மீதாவது நேராக மோதினால், 20 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 30 என்றால் ஏறக்குறைய பதினொன்றரை அடி, அதாவது ஒரு மாடியிலிருந்து. 20 என்றால் ஐந்தடி. குழந்தையோடு 20-25ஐத் தாண்டாமல் போனால் பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். லைசென்ஸ் தேவையில்லாத, 25 கிலோமீட்டர் வேக வண்டிகளுக்கு இந்த விதிகள் பொருந்தாது என்று சிலர் சொல்வதுண்டு. சட்டத்தில் விலக்கு இருக்கலாம், மண்டைக்கு இல்லை.

ஹெல்மெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்கள் ஹெல்மெட்டைக் குழந்தைக்குக் கவிழ்த்துவிடாதீர்கள். இந்த வயதில் தலை உடலின் அளவுக்குப் பெரியது, கழுத்துத் தசை மெல்லியது. எடை கூடக் கூடக் கழுத்துதான் இழுபடும். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் விட்டு டேப்பால் தலையைச் சுற்றி அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். உங்கள் மகள் வயதில் 48-50 சென்டிமீட்டர் இருக்கும். இந்தச் சிறு குழந்தைகளுக்கு எடை குறைந்த சைக்கிள் ஹெல்மெட்டையும் விதி ஏற்கிறது. வாரை மாட்டிவிட்டுத் தலையை ஆட்டச் சொல்லுங்கள்; ஹெல்மெட் தனியாக ஆடினால் அந்த அளவு வேண்டாம். உள்ளே இரட்டைக் குடுமியும் இரும்பு கிளிப்பும் வேண்டாம். ஹெல்மெட் இல்லாமல் விழுந்தால் தரை குத்தும், ஹெல்மெட்டோடு விழுந்தால் கிளிப் குத்தும்.

நின்றபடி தூங்குவதாகச் சொன்னீர்கள். தூங்கும் குழந்தைக்குக் கை பிடிக்காது, முழங்கால் மடியும், தலை ஒரு பக்கம் தொங்கும். வார் உடலைத்தான் தாங்கும், தலையைத் தாங்காது. முதுகுக்குப் பின்னால் தூங்கினால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. கண் சொருகுகிறது என்றால் அன்றைக்கு அந்தப் பயணம் வேண்டாம். அம்மா வீட்டிலேயே அரை மணி நேரம் தூங்க வைத்து எழுப்பிக் கூட்டி வாருங்கள், அல்லது ஆட்டோவில் வாருங்கள். ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளை எந்த இருசக்கர வண்டியிலும் ஏற்றாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் மற்ற தாய்மார்களுக்காக.

மகள் பின்னால் வந்துவிட்டால் மகன் எங்கே உட்காருவான் என்று கேட்பீர்கள். அவனுக்கு அந்த நேரத்தில் வண்டியில் இடமில்லை, அம்மா. ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம் என்பது சட்டம். நான்கு வயதுக்கு மேற்பட்ட அவனுக்கு ஹெல்மெட்டும் கட்டாயம். எட்டரை மணி ஷிஃப்டுக்கு ஓடுகிற உங்களிடம் இரண்டு தடவை போய் வாருங்கள் என்று சொல்வது எளிது என்று எனக்கும் தெரியும். பள்ளி வேனோ, தெருவில் நான்கு வீடு சேர்ந்து பேசும் ஆட்டோவோ அவனுக்குச் சரிப்படுமா என்று பாருங்கள். மகளோடு நீங்கள் டவுன் பஸ்ஸிலும் போகலாம். சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் உங்களுக்கு டிக்கெட் இல்லை, ஐந்து வயது வரை அவளுக்கும் இல்லை.

மகனைத் தனியாக ஏற்றிச் செல்லும்போது அவன் பாதம் பின்னால் இருக்கும் கால்மிதியை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் தொங்கும் பாதம் சக்கரத்துக்குள் போகும். குதிகால் தோல் மூடிபோலப் பிரிந்துவரும் அந்தக் காயம் ஆற மாதங்கள் ஆகும். உங்கள் துப்பட்டாவையும் வண்டியில் ஏறும் முன் முடிச்சுப் போட்டு உள்ளே செருகிக்கொள்ளுங்கள். சக்கரத்தில் சிக்கிக் கழுத்து இறுகி வந்தவர்களை எங்கள் அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறேன்.

குழந்தை விழுந்துவிட்டால் சிராய்ப்பை மட்டும் பார்க்காதீர்கள். சட்டையைக் கழற்றி வயிற்றைப் பாருங்கள். அங்கே வட்டமான கன்றல் இருந்தாலோ, வயிற்று வலி விடாமல் இருந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ எத்தனை நாள் ஆகியிருந்தாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். தலையில் அடி என்றால், நினைவு தப்பியது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, மூக்கிலோ காதிலோ ரத்தம் அல்லது தண்ணீர்போல வடிவது, எழுப்பினால் சரியாக எழாத மயக்கம் – இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தலையில் மெத்தென்ற வீக்கம் இருந்தாலே காட்டிவிட வேண்டும். எண்ணெய் போட்டு நீவுவது, காயத்தில் காப்பித்தூள் அப்புவது இரண்டும் வேண்டாம். செலவுக்கும் தயங்க வேண்டாம். சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம்.

கடைசியாக நாய்க்குட்டி. ஹேண்டிலில் பை மாட்டவே கூடாது. குட்டி உள்ளே புரண்டால் ஹேண்டில் திரும்பும். பிரேக் பிடிக்கும் விரலுக்கு அடியில் பையின் காது போய் நிற்கும். கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி ஹேண்டிலில் முடிச்சுப் போடுவது இன்னும் ஆபத்து. குதித்தால் தூக்கில் தொங்கும். சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் காற்று கிடையாது, அதில் ஒரு நிமிடம்கூட வேண்டாம். காற்றோட்டமான, மூடி பூட்டும் கூடையில் வைத்து, உங்கள் கணவரோ வேறு பெரியவரோ பின்னால் உட்கார்ந்து மடியில் பிடித்துக்கொள்வதே நல்லது. நெஞ்சைச் சுற்றும் பட்டை மாட்டி, அதன் கயிற்றைக் கூடைக்குள்ளேயே கட்டிவிடுங்கள். முதல் இரண்டு நாள் நிறுத்திய வண்டியில் கூடையை வைத்துப் பழக்குங்கள். வெயில் ஏறும் முன் கிளம்புங்கள். நாய்க்கு உடல் முழுக்க வியர்த்துக் குளிரத் தெரியாது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும்.

மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள், பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடருங்கள். வழியில் மிரண்டு யாரையாவது கடித்தாலோ கீறினாலோ, வீட்டுக் குட்டிதானே என்று விட்டுவிடாமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கூடை வண்டியில் ஏறும் நாளில் மகள் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும்.