கொல்லையில் கிரில்: கரியா, கேஸா?

கேள்வி: அமெரிக்காவில் புதிதாக வீடு வாங்கியிருக்கிறோம். கொல்லையில் கிரில் வைக்க ஆசை. கரியில் எரிவதை வாங்குவதா, கேஸில் எரிவதை வாங்குவதா? ஒன்றுதான் வாங்க முடியும்.

நான் கரிக்காரன். இருந்தாலும் உங்களைக் கேஸ் வாங்கத்தான் சொல்வேன்.

சிகாகோ புறநகரில் இருக்கிறேன். மூடி போட்ட உருண்டைக் கெட்டில் கிரில் பிறந்தது இந்தப் பக்கம்தான். வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், அங்கே செய்துகொண்டிருந்த மிதவைக் கோளத்தை 1952இல் குறுக்கே வெட்டி, கால் வைத்து, மேல்பாதியை மூடியாக்கினார். என்னிடம் இருப்பதும் அதே வடிவம்தான்.

சனிக்கிழமைகளில் அது எரியும். சிம்னி என்கிற தகரக் குவளையில் கரியை நிரப்பி, அடியில் இரண்டு தாள் கசக்கிச் செருகிப் பற்றவைத்தால், கால் மணி நேரத்துக்கு மேல் கழித்து மேற்கரியின் ஓரங்களில் வெள்ளையாகச் சாம்பல் பூக்கும். அதுவரை கொட்டக் கூடாது. அவசரத்துக்குத் திரவம் ஊற்றிக் கொளுத்துகிறவர்கள் வீட்டுக் கோழியில் மண்ணெண்ணெய் வாசம் வரும், சாப்பிட்டிருக்கிறேன். கங்குகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கம் கோழித்தொடைகளை அடுக்கி மூடிவிடுவேன். அடித்துளையைத் திறந்தால் கங்கு சீறும், முக்கால்வாசி அடைத்தால் அடங்கும். அந்தத் துளையோடு மல்லுக்கு நிற்பதில்தான் எனக்குச் சுகமே.

ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்கு, பிள்ளை பசி என்று காலைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது யார் கரி மூட்டுவது? முதல் மூன்று வருடங்களில் என் கெட்டில் வாரநாளில் ஒருமுறைகூட எரியவில்லை. கேஸ் கிரில் வந்த பிறகுதான் வாரத்துக்கு மூன்று நாள் வெளியில் சமைக்கிறோம். அதன் பக்கவாட்டு அடுப்பு ஒன்றே போதும், கருவாடு வறுக்க. வீட்டுக்குள் வறுத்தால் திரைச்சீலையில் நான்கு நாள் தங்கும் மணம், இங்கே பனியோடு போய்விடுகிறது.

சுவை போய்விடுமே என்பீர்கள். கரிச்சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, கொழுப்பும் மசாலாவும் சூட்டில் சொட்டிப் பொசுங்கி எழும் புகை. அது கேஸிலும் எழும். இறால், பனீர் போலப் பத்து நிமிடத்தில் வெந்துவிடுவதில் எங்கள் வீட்டில் யாரும் வித்தியாசம் கண்டுபிடித்ததில்லை. கத்தரிக்காய்க்கு மட்டும் இது பொருந்தாது. கங்கிலேயே புதைத்து, தோல் கருகிக் காம்பு வரை தளர்ந்ததும் எடுத்து, உரித்து, புளியும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசைந்தால், கேஸில் சுட்டது அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

கேஸ் வாங்கினால் ஒரு விஷயம். என் கிரில் ஒரு கோடையில் 300 ஃபாரன்ஹீட்டைத் தாண்டவே மறுத்தது. பர்னர் போய்விட்டது என்று கடையில் சொன்னதை நம்பிப் புதிதாகவும் வாங்கி மாட்டினேன், பலனில்லை. சிலிண்டர் வால்வை நான் படக்கென்று திறந்ததுதான் காரணம். கேஸ் கசிகிறது என்று ரெகுலேட்டர் நினைத்துக்கொண்டு ஓட்டத்தைச் சுருக்கிவிடுமாம். எல்லாவற்றையும் அடைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, ஒரு நிமிடம் கழித்து மாட்டி, வால்வை மெதுவாகத் திறந்தேன். சரியாகிவிட்டது. பற்றவைக்கும்போது கிரிலின் மூடி திறந்தே இருக்க வேண்டும்.

20 பவுண்டு சிலிண்டர் என்பார்கள். காலியானதைக் கொடுத்து மாற்றி வாங்குவதில் பெரும்பாலும் 15 பவுண்டு கேஸ்தான் இருக்கும். நிரப்பித் தரும் இடம் பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள். எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, சிலிண்டரின் பக்கவாட்டில் ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றித் தடவுங்கள். கேஸ் திரவம் இருக்கும் மட்டம் வரை குளிர்ந்திருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் கரிதான் என்றால், சாம்பலை மறுநாளே குப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள், இரண்டு நாள் ஆறட்டும். மழை வந்தால் கிரிலைக் கராஜுக்குள் இழுக்காதீர்கள். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கிவிடும். மணம் இல்லாததால் தெரியவும் தெரியாது. கோழி நனைந்தால் நனையட்டும்.