‘வீட்டுக்காரருக்கு எப்போ டிரான்ஸ்பர்?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: என் கணவர் விமானப்படையில் இருக்கிறார். ஜோத்பூரிலிருந்து மாற்றலாகி ஆகஸ்டில் தஞ்சாவூருக்கு வந்தோம். எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து, தேஜ்பூரிலும் ஜோத்பூரிலும் தனியார் பள்ளிகளில் வேலை பார்த்திருக்கிறேன். மகன் பிறந்ததால் நடுவில் இரண்டரை வருடம் இடைவெளி. இங்கே மூன்று பள்ளிகளுக்குப் போய்விட்டேன். ‘வீட்டுக்காரருக்கு எப்போ டிரான்ஸ்பர்?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால், ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்று முடித்துவிடுகிறார்கள். அடுத்த இடத்தில் கணவரின் வேலையை மறைத்துவிடலாமா?

பதில்: மறைக்க வேண்டாம், சகோதரி. நான் மறைத்துப் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரரும் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். வடக்கே ஒரு பள்ளியில் ‘அவருக்கு அரசு வேலை’ என்று மட்டும் சொல்லிச் சேர்ந்தேன். அடுத்த வருடம் நவம்பரில் ஆர்டர் வந்தது, கிளம்பினோம். கோபத்தில் அந்த நிர்வாகம் அனுபவச் சான்றிதழ் தரவில்லை. ஒன்றேகால் வருடம் உழைத்ததற்கு என் கையில் ஒரு தாள்கூட இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாதியில் விட்டுவந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

ஜோத்பூர் நெடுங்காலமாகப் படையோடு பழகிய ஊர். தஞ்சாவூரில் விமானப்படை நிலையம் 2013-ல்தான் முறையாகத் திறக்கப்பட்டது, சுகோய் போர் விமானப் படைப்பிரிவு வந்தது 2020 ஜனவரியில். சேர்ந்த பள்ளியிலேயே இருபது, முப்பது வருடம் இருக்கும் ஆசிரியர்களைப் பார்த்தே பழகியவர்கள் இங்கத்தி நிர்வாகிகள். கணக்கு டீச்சர் ஜனவரியில் போய்விட்டால் பொதுத்தேர்வுக்கு யாரைப் பிடிப்பது என்று அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் பதில் அந்தப் பயத்துக்கான பதிலாக இருக்க வேண்டும். ‘தெரியாது மேடம், ஆர்டர் வந்தால் போகணும்’ என்றால் காரியம் கெட்டது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

‘இப்போதுதான் மாற்றலாகி வந்திருக்கிறோம் மேடம். போன ரெண்டு ஊரிலும் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் இருந்தோம். நடுவில் ஆர்டர் வந்தாலும் அவர் முன்னால் போவார். பரீட்சை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன்.’

போன ஊர்களில் எத்தனை வருடம் இருந்தீர்களோ அதை அப்படியே சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தை மட்டும் வீட்டில் இருவரும் பேசி முடிவு செய்தபிறகு சொல்லுங்கள். பிள்ளைகளின் படிப்பைக் காட்டி, கல்வியாண்டு முடியும்வரை குடும்பம் குவார்ட்டர்ஸில் தங்க அனுமதி கேட்பது வழக்கத்தில் உள்ளதுதான். உங்கள் மகன் இன்னும் பள்ளிக்குப் போகவில்லை என்றால் வெளியே வாடகைக்கு இரண்டு மூன்று மாதம் இருக்க முடியுமா என்றும் யோசித்து வையுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால், அடுத்து இந்த ஊருக்கு மாற்றலாகி வரும் பெண்ணுக்கும் அந்தப் பள்ளியின் கதவு திறக்கும்.

அப்புறம் டெமோ கிளாஸ். வெளியூர்க்காரர் என்ற தயக்கம் விலகும் இடம் அதுதான். உங்கள் ஊர்ப் பக்கம் வயலைக் கோட்டை, மரக்கால் என்று விதைப்பாட்டில், அதாவது விதைக்கிற நெல்லின் அளவை வைத்துச் சொல்வார்கள். இங்கே வேலி, மா, குழி. எட்டாம் வகுப்பில் பரப்பளவு நடத்தச் சொன்னால், போர்டில் 12 அடிக்கு 12 அடி என்று ஒரு சதுரம் போடுங்கள். அது ஒரு குழி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, 14,400 சதுர அடி. இருபது மா ஒரு வேலி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்றால் ஒரு மாவுக்கு எத்தனை சென்ட்? கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். ‘முப்பத்து மூணு, மிஸ்!’ என்று ஏதாவது ஒரு பெஞ்சிலிருந்து குரல் வரும். அந்தப் பையன் வகுத்துச் சொல்லியிருக்க மாட்டான், வீட்டில் கேட்டிருப்பான். அவனையே போர்டுக்குக் கூப்பிட்டு வகுக்கச் சொல்லுங்கள். 33.06 என்று வரும். பின்னால் உட்கார்ந்திருக்கும் தாளாளருக்கும் ஒருவேளை நாலு மா நிலம் இருக்கும், அவரும் மனதுக்குள் கணக்குப் போடுவார். போவதற்கு முன் மாநிலப் பாடத்திட்டத்தின் எட்டு முதல் பத்து வரையிலான கணக்குப் புத்தகங்களை ஒருமுறை புரட்டிவிடுங்கள். இதுவரை நீங்கள் நடத்திய பாடத்திட்டம் வேறு.

நீங்கள் வேலை தேடுவது வருட நடுவில். அதனால் ‘வேகன்சி இருக்கிறதா?’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘பிரசவ விடுப்பில் யாராவது போகிறார்களா?’ என்று கேளுங்கள். சட்டப்படி அந்த விடுப்பு 26 வாரம். ஆறு மாதத்துக்கு ஒருவர் தேவைப்படும் இடத்தில் உங்கள் மாற்றல் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. அப்படி உள்ளே போனவர்கள் ஜூனில் நிரந்தரமானதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேந்திரிய வித்யாலயாவை விட்டுவிடாதீர்கள். மாற்றலாகும் மத்திய அரசுக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகவே 1963-ல் தொடங்கிய அமைப்பு அது. நம் விமானப்படை நிலையத்திலும் ஒன்று இருக்கிறது. ஒப்பந்த ஆசிரியர்களுக்கான நேர்காணல் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும், அறிவிப்பு பள்ளியின் இணையதளத்தில் வரும். ஒப்பந்தமே அந்தக் கல்வியாண்டுக்கு மட்டும்தான் என்பதால் டிரான்ஸ்பர் கேள்வி அங்கே எழாது. இந்தியிலும் வகுப்பெடுக்கத் தெரிய வேண்டும் என்பார்கள். ஜோத்பூரில் பழகிய இந்தி இங்கே கைகொடுக்கும். மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வான சி.டெட். எழுதவில்லை என்றால் உடனே தயாராகுங்கள். ஆறு முதல் எட்டுக்கான இரண்டாம் தாளில் 150-க்கு 90 வாங்க வேண்டும், நெகட்டிவ் மார்க் இல்லை. முன்பு ஏழு வருடம்தான் செல்லும், 2021-ல் அதை ஆயுள் முழுவதற்குமாக மாற்றிவிட்டார்கள். எந்த ஊருக்கு மாற்றல் வந்தாலும் கூடவே வரும் சான்றிதழ் அது.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். எல்லாச் சான்றிதழ்களையும் தரையில் பரப்பி, பெயர்களைப் படித்துப் பாருங்கள். பட்டத்தில் அப்பாவின் இனிஷியல் இருக்கும். வடக்கே கணவர் பெயரைச் சர்நேமாகச் சேர்த்து அனுபவச் சான்றிதழ் கொடுத்திருப்பார்கள். ஆதாரில் மூன்றாவது விதமாக இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நேர்காணல் மேஜையில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. திருமணப் பதிவுச் சான்றிதழும், நோட்டரி கையெழுத்திட்ட ஓர் உறுதிமொழிப் பத்திரமும் ஃபைலில் இருக்கட்டும். இனி சேரும் இடங்களில் பட்டச் சான்றிதழில் உள்ள பெயரையே கொடுங்கள். இடைவெளியைப் பற்றி பயோடேட்டாவில் ‘குழந்தை வளர்ப்பு’ என்று ஒரு வரி போதும், மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம். கணவரைப் பற்றி ‘இந்திய விமானப்படை’ என்பதற்கு மேல் எதுவும் எழுதாதீர்கள். பிரிவு, பணி விவரம் எதுவும் வெளியே போகக் கூடாது.

முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு நமக்கும் உண்டா என்று பலர் கேட்கிறார்கள். பணியில் இருப்பவரின் மனைவிக்கு அது கிடையாது. அதை நம்பி டி.என்.பி.எஸ்.சி. திட்டம் போடாதீர்கள்.

வேலை கிடைக்கும்வரை டியூஷன் எடுக்கலாம். குவார்ட்டர்ஸுக்குள் என்றால் முதலில் நிலைய நிர்வாகத்திடம் அனுமதி வாங்குங்கள். வெளிப்பிள்ளைகள் கேட்டைத் தாண்டி வருவது சுலபமில்லை என்பதால், நாஞ்சிக்கோட்டை சாலைப் பக்கம் யார் வீட்டு முன்னறையாவது கிடைக்குமா என்று விசாரியுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் போய்வரச் செலவில்லை. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் என்றால் மாதாமாதம் ஃபீஸ் கேட்டு நெருக்காதீர்கள். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, பணம் கைக்கு வந்ததும் மொத்தமாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு நோட்டில் கணக்கு எழுதி வைத்தால் போதும்.